"எல்லாரும் என்கிட்ட வந்து அழறாங்க, என் தீசிஸ் அப்படியே கிடக்கு"

வாசகி ஒருத்தங்க கையால நாலு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. பேரு, ஊரு, யுனிவர்சிட்டி எல்லாத்தையும் எடுத்துட்டு, அடையாளம் தெரியுற ஒண்ணு ரெண்டு விஷயத்த மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

வயசு 29. தமிழ்நாட்டுல ஒரு அரசு பல்கலைக்கழகத்துல கெமிஸ்ட்ரியில முழுநேர பிஎச்டி, 2023 ஜனவரியில சேந்தாங்க, இப்போ நாலாவது வருஷம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார், குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு இவங்கதான். கோர்ஸ் ஒர்க் முடிஞ்ச சமயத்துல ஒம்பது பேரோட ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. பேப்பர் பிடிஎஃப் கேக்குறது, எந்த ஃபார்ம எந்த செக்ஷன்ல கொடுக்கணும், ஃபெலோஷிப் இந்த மாசம் வந்துச்சா, இவ்ளோதான் அப்போ. இப்போ 64 பேர். பகல்ல ஒரு மெசேஜும் இருக்காது, ராத்திரி பத்து மணிக்கு மேலதான் புலம்பல் எல்லாம் கொட்டும். யாரோ ஒருத்தர் அதுல ஒரு கைட, அதாவது ஆராய்ச்சிய வழிநடத்துற பேராசிரியர பத்தி எழுதினது ஸ்க்ரீன்ஷாட்டா அந்த கைடுக்கே போயிடுச்சு. உடனே நம்ம வாசகியோட கைடு அவங்கள ரூமுக்கு கூப்பிட்டு, "ஆராய்ச்சி பண்ண வந்தியா, சங்கம் வைக்க வந்தியா? உன் ரெஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ண என் ஒரு கையெழுத்து போதும்"னு சொல்லியிருக்கார். அதுக்கு அடுத்த வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஜூனியர் பொண்ணு ஒருத்தி "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன் அக்கா"ன்னு மெசேஜ் போட, இவங்க ஹாஸ்டல்ல அவ ரூமுக்கு ஓடிப்போய் விடியுற வரைக்கும் கூடவே உக்காந்திருக்காங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமும் பண்ணிக் கொடுத்திருக்காங்க. அதுல இருந்து இவங்களுக்கு தூக்கம் இல்ல, போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடங்குது. மூணாவது சாப்டர் அஞ்சு மாசமா அதே பக்கத்துல நிக்குது.

கேள்வி மூணு. குரூப்ப மூடிடவா? கைடு சொன்ன மாதிரி கேன்சல் பண்ண முடியுமா? மத்தவங்க எல்லாம் நல்லாத்தானே போறாங்க, நான் மட்டும் ஏன் இவ்ளோ வீக்கா இருக்கேன்?

அன்புள்ள தோழி,

முதல்ல அந்த ஜூனியர் பொண்ணு

உங்க மூணு கேள்வியிலயும் அவ இல்ல, ஆனா நான் அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். அன்னிக்கு ராத்திரி நீங்க ஓடிப்போய் பக்கத்துல உக்காந்தது ரொம்ப சரி, அதுல மனசுக்குள்ள துளி சந்தேகம்கூட வேணாம். சிக்கல் அந்த சத்தியத்துலதான்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்ன நிமிஷத்துல இருந்து, அந்தப் பொண்ணு உயிருக்கு நீங்க ஒருத்தர்தான் காவல்னு ஆயிடுச்சு, அதுவும் தூங்காம, சாப்பிடாம, போன பாத்துக்கிட்டே இருக்கிற நீங்க. இது ஒரு ஆளால முடியுற வேலையே இல்ல. இருபது வருஷமா ஆலோசனை சொல்ற தொழில்ல இருக்கிற நானும் இந்த மாதிரி ஒரு விஷயத்த தனியா மனசுல வச்சுக்க மாட்டேன், டாக்டர்கிட்ட பேசுவேன், வீட்டு ஆளுங்ககிட்ட பேசுவேன்.

அதனால ராத்திரி வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கு பகல்லயே அவள போய் பாருங்க. உயிர விட்டுடலாம்னு தோணுதாமான்னு நேராவே கேளுங்க. கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கிளப்பி விட்டுடுவோமோன்னு நிறைய பேரு பயப்படுறாங்க, அப்படி இல்ல, கேக்குறதால அந்த எண்ணம் வர்றதில்ல, கேட்டதும் பாதி பேருக்கு அழுகையோட ஒரு பெருமூச்சுதான் வரும். அப்புறம் இப்படி சொல்லுங்க: "அன்னிக்கு உனக்கு சத்தியம் பண்ணேன், அத என்னால காப்பாத்த முடியாது, இன்னும் ரெண்டு பேருக்கு தெரிஞ்சே ஆகணும், யாருன்னு நீயே சொல்லு." அவ அம்மாவா, சித்தியா, வார்டனா, கூடப்படிச்ச தோழியா, அது அவ முடிவா இருக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு ஓபி இருக்கும், நீங்களோ இன்னொருத்தரோ கூட போங்க. 14416ங்கிறது டெலி மானஸ் நம்பர், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். உங்க மனசு பாரத்துக்கும் அதே நம்பர்தான். ஆமா, தோணுது, எப்படின்னுகூட யோசிச்சு வச்சிருக்கேன்னு அவ சொன்னா அப்போ அவள ஒரு நிமிஷம்கூட தனியா விடக்கூடாது, அவ சம்மதத்துக்கும் காத்திருக்கக்கூடாது, வார்டனுக்கும் வீட்டுக்கும் உடனே சொல்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிடணும், 108 கூப்பிடுங்க.

வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு ஹாஸ்டல்ல ஒரு பயம் எப்பவும் உண்டு, உங்க கடிதத்துலயும் அது ஒரு வரி இருக்கு. மனசுல இப்படி தோணுதுன்னு சொல்றது எந்தக் காலத்துலயும் குத்தம் இல்ல. அப்படியே ஒருத்தர் முயற்சி பண்ணிட்டாலும், 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 115வது பிரிவு, அவர கடுமையான மன அழுத்தத்துல இருந்தவராத்தான் பாக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு சொல்லுது. இத உங்க குரூப்ல எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க.

கைடோட ஒரு கையெழுத்து

அந்த ஒரு கையெழுத்தால உங்க ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல் ஆகாது. நீங்க சேந்தது 2023ல, அதனால 2022 நவம்பர்ல வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்டி விதிமுறைதான் உங்களுக்கு. ஆராய்ச்சி ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு இருக்கும், நம்ம ஊர் யுனிவர்சிட்டி பல இடத்துல டிசி, அதாவது டாக்டோரல் கமிட்டின்னு சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி நீங்க ஒவ்வொரு செமஸ்டரும் முன்னேற்றத்த காட்டணும். முன்னேற்றம் சரியில்லன்னா அந்தக் குழு காரணத்த எழுதி, என்ன திருத்திக்கணும்னு சொல்லணும். அப்படி சொல்லியும் நீங்க செய்யலன்னாதான் குறிப்பான காரணம் காட்டி கேன்சல் பண்ண பரிந்துரைக்கலாம். கோபத்துல ரூம்ல சொன்ன ஒரு வார்த்தைக்கும் இதுக்கும் ரொம்ப தூரம். காலக்கெடுவும் நீங்க நெனக்கிற மாதிரி நாலு வருஷம் இல்ல, உச்சவரம்பு 6 வருஷம், மறுபதிவு பண்ணா இன்னும் 2 வருஷம், பெண்களுக்கு அதுக்கு மேலயும் 2 வருஷம் வரைக்கும் சலுகை தரலாம். உங்க யுனிவர்சிட்டியோட சொந்த ரூல் புக்க மட்டும் ஒருதடவ எடுத்து படிச்சு வச்சுக்குங்க, டிசி மினிட்ஸ் காப்பி எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

சங்கம் வைக்கிறது தப்பான காரியம் மாதிரி அவர் பேசியிருக்கார், உங்க எழுத்துலயும் ஏதோ குத்தம் பண்ணிட்ட தொனி தெரியுது. சங்கம் அமைக்கிற உரிமை அரசியல் சட்டத்தோட 19வது பிரிவுல இருக்கு. 2018ல ஆரம்பிச்சு நாடு முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் ஒண்ணா நின்னு கேட்டதுக்கு அப்புறம்தான் 25,000 ரூபாயா இருந்த ஜேஆர்எஃப்ங்கிற மாச உதவித்தொகை 2019ல 31,000 ஆச்சு. அப்புறம் 2023 ஜனவரியில இருந்து 37,000. உங்க பக்கத்து டேபிள் பையன் வாங்குற பணத்துல, அன்னிக்கு ரோட்டுல உக்காந்த யாரோ ஒருத்தரோட பங்கும் இருக்கு.

இதெல்லாம் உரிமை. நிஜத்துல என்ன நடக்கும்ங்கிறத மறைச்சு உங்களுக்கு தைரியம் சொல்ல எனக்கு மனசு வரல. கைடு நெனச்சா கேன்சல் பண்ண முடியாது, ஆனா டிராஃப்ட படிக்காம மூணு மாசம் மேஜையில வச்சிருக்க முடியும், தீசிஸுக்கு முன்னாடி கொடுக்கிற சுருக்கம், அந்த சினாப்சிஸ்க்கு தேதி கொடுக்காம இழுக்க முடியும், நாளைக்கு பிஎச்டிக்கு அப்புறம் பண்ற போஸ்ட்டாக் ஆராய்ச்சிக்கு ரெகமண்டேஷன் லெட்டர் கேட்டா நாலு வரியில முடிச்சுட முடியும். அதனால இப்போதைக்கு சண்டை வேணாம். அவரும் பயந்துதான் பேசியிருக்கார்னு எனக்கு தோணுது, டிபார்ட்மெண்ட்ல "உன் ஸ்டூடண்ட்தான் குரூப் நடத்துறா"ன்னு இன்னொரு கைடு அவர்கிட்ட கத்தியிருப்பார். ஒரு வாரம் விட்டு போய் பாருங்க, "சார், அந்த மெசேஜ் நான் போட்டது இல்ல, இனிமே யாரப் பத்தியும் அதுல எழுத விடமாட்டேன், மூணாவது சாப்டர் எந்த தேதிக்கு கொடுக்கட்டும்"னு கேளுங்க. பேச்ச சாப்டர் பக்கம் திருப்பிட்டா முக்கால்வாசி கைடுங்க இறங்கி வந்துடுவாங்க. பேசிட்டு வந்ததும் அதையே ரெண்டு வரி மெயிலா அவருக்கு அனுப்பிடுங்க, தேதியோட எழுத்துல இருக்கும்.

அதுக்கப்புறமும் மிரட்டல் தொடர்ந்தா, 2023 யுஜிசி குறைதீர்ப்பு விதிமுறைப்படி உங்க யுனிவர்சிட்டியில மாணவர் குறைதீர்ப்புக் குழு இருந்தாகணும், அதுல மாணவர் பிரதிநிதி ஒருத்தர் உண்டு, புகார் போய் 15 வேலை நாள்ல அவங்க அறிக்கை கொடுக்கணும், திருப்தி இல்லன்னா ஓம்பட்ஸ்பர்சன்ங்கிற குறைதீர்ப்பாளர்கிட்ட மேல்முறையீடு. பாலியல் தொல்லைன்னா அது வேற வழி, உள் புகார் குழு, பொதுவா மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும். இந்த விவரம் உங்க குரூப்ல எத்தன பேருக்கு தெரியும்?

மத்தவங்க எல்லாம் நல்லா போறாங்களா

நான் ஒரு கல்வி நிறுவனத்துல ஆலோசனை மையத்துல இருந்தப்போ நடந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்தான், மூணு வருஷம் ஆச்சு மேடம், ஒரு பேப்பர் இல்ல, எங்க பக்கத்து லேப்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கள பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது, காலையில எட்டு மணிக்கே வந்துடுவாங்க, அவங்க எங்கயோ போயிட்டாங்கன்னு சொல்லி அழுதான். வியாழக்கிழமை அந்த அக்கா வந்தாங்க. ரூம்ல இருந்தா அழுகை வருது, அதனாலதான் எட்டு மணிக்கே லேபுக்கு ஓடிப்போயிடுறேன், பக்கத்து லேப்ல ஒரு தம்பி இருக்கான், எவ்ளோ ஜாலியா வேலை பாக்குறான் தெரியுமா மேடம்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே வராண்டா, ஒரே தண்ணி கேன். எனக்கு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, ஆனா ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ல என் தொழில்ல எடம் இல்ல. ரெண்டு பேரையும் தனித்தனியா அனுப்பி வச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் இப்போ நல்லா இருக்காங்க, அடையாளம் தெரியாம இத சொல்லிக்கலாம்னு அப்புறம் ரெண்டு பேருமே சம்மதிச்சாங்க.

இது அந்த வராண்டாவோட கதை மட்டும் இல்ல. 2017ல பெல்ஜியத்தோட ஃப்ளாண்டர்ஸ் பகுதியில 3,659 பிஎச்டி மாணவர்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ரெண்டுல ஒருத்தருக்கு மன உளைச்சல், மூணுல ஒருத்தருக்கு மனநலப் பிரச்சனை வர்ற அபாயம். அது நம்ம ஊரு கணக்கு இல்லதான், அங்க ஸ்காலருக்கு மாசாமாசம் சம்பளம் மாதிரி காசு வந்தே இவ்ளோன்னா யோசிச்சுக்குங்க. உங்க 64 பேர்ல ராத்திரி எழுதுறது எட்டு பேரா இருக்கலாம், எழுதாம படிச்சுட்டு மட்டும் இருக்கிற மீதி பேர நீங்க "நல்லா போறவங்க" கணக்குல சேத்துட்டீங்க. வீக்குங்கிற வார்த்தைய விட்டுடுங்கம்மா. எத்தனையோ மாசமா தூக்கம் கெட்டு இத்தன பேரு அழுகைய கேட்ட உடம்பு படபடக்கத்தான் செய்யும்.

குரூப்ப என்ன பண்றது

மூட வேணாம், பிரிச்சுடுங்க. 64 பேர் இருக்கிற எடத்துல ரகசியம்னு ஒண்ணு கிடையாது, வாட்ஸ்அப்ல போட்டது நாலு சுவத்துக்குள்ள இருக்கும்னு நெனச்சதுதான் உங்க கணக்குல நடந்த பெரிய தப்பு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினவர் யாருன்னு தேடாதீங்க, தேட ஆரம்பிச்சா ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டே எல்லாம் கலைஞ்சு போகும். அந்தப் பெரிய குரூப்ப நோட்டீஸ் போர்டு மாதிரி வச்சுக்குங்க: ஃபெலோஷிப் தேதி, ஃபார்ம், பிடிஎஃப், கருவி புக்கிங், 14416, குறைதீர்ப்புக் குழுவுக்கு எப்படி எழுதுறதுன்னு ஒரு மாதிரி கடிதம். கைடு பேரோ அடையாளமோ எழுதக்கூடாது. கைடுக்கு பயந்து சொல்லல, எழுதின பிள்ளைக்கு அது பாதுகாப்பு இல்லைங்கிறதுக்காக சொல்றேன். அட்மினா இன்னும் மூணு பேர போடுங்க, மாசம் ஒருத்தர் பொறுப்பு.

மனசு விட்டுப் பேசுறதுக்கு சின்ன கூட்டம் வேணும், அஞ்சு ஆறு பேருக்கு மேல வேணாம், நேர்ல பாக்கணும், வேற வேற லேப் ஆளுங்களா இருக்கணும். ஒரே கைட்கிட்ட இருக்கிறவங்க ஒரே கூட்டத்துல உக்காந்தா, யாரு முதல்ல முடிப்பாங்கங்கிற கணக்கு பேச்சுக்கு நடுவுல வந்துகிட்டே இருக்கும், பேச்சு எப்படியோ கைடு காதுக்கும் போயிடும்.

நான் பாத்ததுல நல்லா நடந்த ஒண்ண சொல்றேன். ஆறு பேர், புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய செமினார் ஹால், மூணு ஃபேன்ல ஒண்ணுதான் சுத்தும், அதுக்கு கீழ நாற்காலிய வட்டமா போட்டுக்குவாங்க. ஒவ்வொருத்தரும் மூணே விஷயம் சொல்லணும், போன வாரம் என்ன பண்றதா சொன்னேன், என்ன நடந்துச்சு, இந்த வாரம் என்ன. அப்புறம் முக்கால் மணி நேரம் யாரும் பேசாம அவங்கவங்க தீசிஸ எழுதணும், போன் எல்லாம் ஒரு பையில. அப்புறம் டீ. அதுல ஒரு பையன் மூணு வாரம் வரிசையா ரியாக்ஷன் வரல, வரலன்னு மட்டும் சொல்லிட்டு தலைய குனிஞ்சுக்குவான். நாலாவது வாரம் வேற லேப் பொண்ணு ஒருத்தி சாதாரணமா, "டிஹெச்எஃப சோடியமும் பென்சோஃபீனோனும் போட்டு காய்ச்சுறப்போ நீலம் நல்லா ஏறுச்சா, இல்ல அதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டா. அவன் முன்னாடியே எடுத்திருக்கான். நீலம் நல்லா ஏறினாத்தான் அந்த சால்வெண்ட்ல ஈரம் போயிடுச்சுன்னு அர்த்தம், அவனோடதுல ஈரம் இருந்திருக்கு. அவ்ளோதான் விஷயம், நீங்க கெமிஸ்ட்ரி, உங்களுக்கு என்ன விட நல்லா புரியும். சொந்த லேப்ல ஏன் கேக்கலன்னு அவன்கிட்ட கேட்டேன், "இதுகூட தெரியாதான்னு கேப்பாங்க மேடம்"னான். பதினோரு வாரம் அவன் தன்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்கான்.

ஆதரவுன்னா கண்ணீர தொடைக்கிறது மட்டும்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க, அதனாலதான் உங்க குரூப் ராத்திரி குரூப்பா போயிடுச்சு. பகல்ல ஒண்ணா உக்காந்து வேலை செய்யுற பழக்கம் இருந்தா, ராத்திரி ஒன்றரை மணிக்கு வர வேண்டிய வார்த்தை பாதி புதன்கிழமை நாலு மணிக்கே டீ கிளாஸோட வந்துடும், அப்போ கேக்குறதுக்கு ஆறு பேர் இருப்பாங்க.

ரெண்டு மூணு நடைமுறை விஷயம், இதுல கோட்டை விட்டா மத்தது எதுவும் நிக்காது. நேரத்த சாயங்காலம் அஞ்சுக்குள்ள முடிங்க, கல்யாணமான பொண்ணுங்களும் பஸ் பிடிச்சு ஊருக்கு போறவங்களும் அப்போதான் வர முடியும். பார்ட் டைம் ஸ்காலருங்க சனிக்கிழமைதான் வருவாங்க, அவங்களுக்கு தனியா ஒண்ணு. காசு விஷயம் ரொம்ப முக்கியம்: ஒருத்தர் 37,000 வாங்குறார், பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு ஃபெலோஷிப்பே இல்ல, ட்யூஷன் எடுத்து மெஸ் பில் கட்டுறார். ட்ரீட், பர்த்டே கேக், ட்ரிப்னு போக ஆரம்பிச்சா அவர் ஒண்ணும் சொல்லாம நின்னுடுவார், அதனால டீ மட்டும், அதுவும் அவங்கவங்க காசுல. "உங்க பக்கம் எந்த ஏரியா, உங்க ஆளுங்க யாரு"ன்னு சாதிய நூல் விட்டு பாக்குற பேச்சு முதல் வாரமே கூடாதுன்னு வெளிப்படையா சொல்லிடுங்க, முதல் தலைமுறையா வந்த பிள்ளைங்க அந்த ஒரு கேள்வியிலயே ஒதுங்கிடுவாங்க. ஒருத்தர் ரெண்டு வாரம் வரலன்னா யாரு போய் பாக்கணும்னு ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு வச்சுக்குங்க, எல்லாரையும் நீங்களே போய் பாக்காதீங்க.

இன்னொரு எல்லை, உயிர் விஷயம் பேச்சுல வந்தா அது கூட்டத்துக்குள்ளயே நிக்காது, அன்னிக்கே ஒரு டாக்டர்கிட்டயோ வீட்டு ஆளுங்ககிட்டயோ போகும்னு முதல் நாளே சொல்லி வச்சுடணும். அப்போ யாரும் சத்தியம் கேக்க மாட்டாங்க.

உங்க மூணாவது சாப்டர்

ஒரு மாசம் நீங்க எதுக்கும் பொறுப்பு எடுக்காதீங்க. அட்மின் வேலைய கைமாத்தி விடுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல போன் ஹால்ல இருக்கட்டும், ஜூனியருக்கு அவ சொன்ன அந்த ரெண்டு பேரு இருப்பாங்க. நீங்க புதன்கிழமை கூட்டத்துக்கு போங்க, ஆனா நடத்துறதுக்கு போகாதீங்க, ஆறுல ஒருத்தரா போய் உக்காருங்க, உங்க முறை வர்றப்போ "அஞ்சு மாசமா ஒரு பக்கம்கூட நகரல"ன்னு நீங்களும் சொல்லுங்க. கடிதம் முழுக்க மத்தவங்க சொன்னத எழுதியிருக்கீங்க, நீங்க யார்கிட்டயாவது சொன்னதா ஒரு வரிகூட இல்ல. ரெண்டு வாரத்துல தூக்கம் திரும்பலன்னா, படபடப்பு குறையலன்னா டாக்டர பாக்கணும், அத தள்ளிப் போடாதீங்க.

எழுதுறதுக்கு ஒரு சின்ன வழி, மூணாவது சாப்டர முதல் வரியில இருந்து ஆரம்பிக்காதீங்க, எக்ஸ்பெரிமெண்டல் பகுதிய முதல்ல எடுங்க. லேப் நோட்டுல இருக்கிறத அப்படியே வரிசையா இறக்கி வைக்கிறதுதானே, யோசிக்க வேண்டியது குறைச்சல், கை பழகிடும்.

முதல்ல ஜூனியர போய் பாருங்க. பாத்துட்டு வந்ததும் எனக்கு ரெண்டே வரி எழுதுங்க, சாப்டர் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.